இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் விம்மல்

வெள்ளவத்தையில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் சாப்பாடு முடிகிற நேரத்தில் அந்தப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். முதலில் கிற்றார், பிறகு ஆட வைக்கிற பைலாத் தாளம், பிறகு கடைசி ரயிலும் போன பின்னர் கடற்கரை ஸ்ரேஷனில் மச்சானுக்காகக் காத்து நிற்கும் ஒரு பெண்ணின் குரல். முதல் சரணம் முடிந்ததும் வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதிக்குள் அந்தப் பெண் ஒரு விம்மு விம்முவாள். அது முடிகிற இடத்தில் டிரம்ஸ் பிடித்துக்கொள்ளும், பாட்டு முன்னையிலும் வேகமாக ஓடத் தொடங்கும். மண்டபம் முழுக்க அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்கும். மாப்பிள்ளையின் கூட்டாளிமார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விம்மிக் காட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் கண்ணைக் கசக்குவார்கள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. போன மாதம்கூட ஒரு கல்யாணத்தில், எனக்குப் பக்கத்தில் இருந்த பெரிய மனுசர் ஒருவர் வாயில் வட்டிலப்பத்தை வைத்துக்கொண்டே விம்மினார். நான் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அந்த விம்மல் என் அக்காவுடையது.

அந்தப் பாட்டைச் செய்தவரை ஊரெல்லாம் மாஸ்டர் என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். அவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் போகப் போக எங்கேயாவது அவருக்கு ஒரு நல்ல சொல் வரும் என்று வாசிக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. யுத்த காலத்தில், சனம் ஆறு மணிக்கே கதவைப் பூட்டிக்கொள்கிற கொழும்பில், ஒரு தமிழ் பாண்டை வைத்துக் கல்யாணம், ஹோட்டல், கார்னிவல் என்று ஓயாமல் வாசித்துக்கொண்டிருந்தவர். வெள்ளைச் சப்பாத்து, மணக்க மணக்க ஓடிக்கொலோன், சட்டைப் பையில் ஒரு சீப்பு. அவரை விட இளையவர்கள் எல்லாரும் அவருக்கு ‘மல்லி’, சிங்களத்தில் தம்பி. நான் அந்த பாண்டில் மூன்று வருடம் பேஸ் கிற்றார் வாசித்தவன். பகலில் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க், சனி ஞாயிறில் மாஸ்டரின் மல்லி.

ஒத்திகை நடக்கும் அவருடைய முன் அறையில் ஆங்கில இசைச் சஞ்சிகைகள் குவிந்து கிடக்கும். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கி வந்தவை. வெள்ளைக்காரனின் பெரிய பெரிய ஹிட்டுகள் எப்படிப் பிறந்தன என்ற கதைகள்தான் அவருக்கு வேதம். எவனோ தடிமனோடு பாடிய பாட்டு உலகம் முழுக்க ஓடியதாம். எவனோ மனைவியோடு சண்டை பிடித்துவிட்டு வந்து ஒரே மூச்சில் எழுதினானாம். ஒலிப்பதிவு செய்தவன் பாடகியைத் திட்டித் திட்டிப் பாட வைத்தானாம். தேத்தண்ணீர் ஆற ஆறச் சொல்லிக்கொண்டிருப்பார். “ஹிட் எண்டால் அதுக்குப் பின்னாலை ஒரு கதை இருக்க வேணும், மல்லி. கதை இல்லாத பாட்டு கசெற்றோடை செத்துப்போகும்” என்பார். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். பாட்டுக்குக் கதை வேண்டும் என்றால் அந்தக் கதையை யாராவது அனுபவிக்க வேண்டுமே, அது யார் என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை.

அவர் வேலை வாங்கும் விதமும் அந்தச் சஞ்சிகைகளில் இருந்து வந்ததுதான். ஒருமுறை எங்கள் டிரம்ஸ் அண்ணை சோம்பி வாசிக்கிறார் என்று தோன்றியதும், “உன்னை இண்டையோடை நிப்பாட்டியாச்சு. வேறை ஆள் பாத்தாச்சு. இதை மட்டும் முடிச்சுத் தந்திட்டுப் போ” என்றார். டிரம்ஸ் அண்ணை ஆத்திரத்தில் குச்சி முறியுமளவுக்கு அடித்தார். முடிந்ததும் மாஸ்டர் ஓடிப் போய்க் கட்டிப்பிடித்து, “சும்மா சொன்னனான் மல்லி, பாத்தியே என்ன அடி அடிச்சனி” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். இன்னொரு முறை பாடகர் ஒருவரிடம் அவருடைய காதலியை வேறொருவனோடு கண்டதாகச் சொன்னார். அதற்கும் சிரிப்புத்தான். பாண்டில் அது வழக்கமாகிவிட்டது. ஒலிப்பதிவு நாளில் மாஸ்டர் சொல்வதை யாரும் நம்பக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவைப்போம்.

அக்கா கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவள். என்னோடு ஒத்திகைக்கு வந்தவளை மாஸ்டர் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டார். அவளுடைய குரலில் சிரிப்பு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவளைக் கட்டியவர், எங்கள் அத்தான், யாழ்ப்பாணத்து ஆள். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதினார். கல்யாணத்துக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தவர், பிறகு கொட்டாஞ்சேனையில் எங்களோடு வந்துவிட்டார். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் உள்ளவர்கள் கொழும்பில் எந்த வீட்டில் இருக்கிறார்களோ அந்தப் பகுதிப் பொலிஸில் பதிந்து ஒரு துண்டு வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு துண்டு. கல்யாணத்தோடு அக்காவின் அட்டையிலும் யாழ்ப்பாண விலாசம் ஏறியிருந்தது, அதனால் அவள் பெயரும் அத்தானின் பெயரும் ஒரே தாளில்தான் இருந்தன. ஒரு தாளை இரண்டு பேர் எப்படிக் கொண்டு திரிவது? எங்கள் சனம் அதற்கும் ஒரு முறை கண்டுபிடித்திருந்தது. யார் தூரம் போகிறார்களோ அவர் துண்டைக் கொண்டுபோவார், வீட்டில் நிற்பவர் சந்திக்கு மேல் போகமாட்டார். அந்த ஏற்பாடு எங்களுக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்காவுக்கு நுகேகொடையில் ஒலிப்பதிவு. வழியில் சோதனைச் சாவடிகள் பல இருந்ததால் துண்டு அவளுடைய கைப்பையில் போனது. எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. அத்தான் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிவரச் சந்திக் கடைக்குப் போனார். பத்துக் கதவு தள்ளித்தான் கடை. அவர் பாணோடு திரும்புவதற்குள் தெருவின் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். சுற்றிவளைப்பு. என்னுடைய அடையாள அட்டையில் கொட்டாஞ்சேனை விலாசம், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அத்தானையும் இன்னும் கொஞ்சப் பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடிப் போய்ப் பொலிஸ் வாசலில் நின்று சிங்களத்தில் கெஞ்சினேன். மேசையில் இருந்த சார்ஜன் நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். பதிவுத் துண்டைப் பின்னேரத்துக்கு முன் கொண்டுவந்து காட்டினால் விடலாம், லொறி வந்து ஏற்றிவிட்டால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். அப்போது மதியம் ஆகியிருந்தது.

பலசரக்குக் கடை ரெலிபோனில் இருந்து ஸ்ரூடியோவுக்கு எடுத்தேன். மாஸ்டர்தான் பேசினார். நடந்ததைச் சொன்னேன். துண்டு அக்காவின் பையில் இருக்கிறது, அவளை உடனே ஓட்டோவில் ஏற்றி அனுப்புங்கோ, பின்னேரத்துக்குள் வந்தால்தான் அத்தானை விடுவார்கள் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். “ஐயோ மல்லி, இப்பவே அனுப்புறன்” என்றார். சந்தேகமாக இருந்ததால் நானே வந்து எடுக்கிறேன் என்றேன். “பயித்தியமே? நீ இஞ்சை வர அவ அங்கை வந்திடுவா. கொஞ்சம் பொறு.” ரெலிபோனைக் கையால் பொத்திவிட்டுத் திரும்ப வந்தார். “அவ வெளிக்கிட்டிட்டா, மல்லி. நீ வாசல்லையே நில்லு.” நான் வாசலிலேயே நின்றேன். காய்ச்சல் உடம்போடு, நுகேகொடைப் பக்கத்தில் இருந்து வருகிற ஒவ்வொரு ஓட்டோவையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் போகப் போகப் பயம் பிடித்துத் திரும்பவும் ரெலிபோன் எடுத்தேன். லைனில் வேறு யாரோ பேசும்போது வருகிற சத்தமே கேட்டது. வேறு சிலரின் வீட்டுக்காரர்கள் துண்டுகளோடு வந்து தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு தாய் என் தோளில் தட்டி, உங்கட ஆளும் வருவார் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு லொறி வந்தது. ஏறும்போது அத்தான் என்னைத்தான் பார்த்தார். வெளிக்கிட்டிட்டா, வாறா என்று நான் கத்தினேன்.

அக்கா பொழுதுபடுகிற நேரத்தில் வந்து இறங்கினாள். துண்டைக் கையிலேயே விரித்துப் பிடித்திருந்தாள். சார்ஜன் அதை வாங்கிப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “லொறிய தென் கியானே, நோனா” என்றார். லொறி இப்போதுதான் போனது என்று அவளுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டி இருக்கவில்லை.

ஸ்ரூடியோவில் என்ன நடந்தது என்பதை டிரம்ஸ் அண்ணை அடுத்த நாள் வந்து சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மாஸ்டர் மதியம் ரெலிபோனில் பேசியதை அவர் கண்டிருக்கிறார். பேசி முடிந்ததும் றிசீவரைத் திரும்ப வைக்காமல் மேசையில் கிடத்தியதையும் கண்டிருக்கிறார். ஒலிப்பதிவுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று நினைத்தாராம். அந்தப் பாட்டில் வாத்தியங்கள் நிற்கிற இடத்தில் முதலில் இருந்தது ஒரு சிரிப்பு. காத்திருக்கிற பெண் தன்னைத் தானே பார்த்துச் சிரிப்பதாக அக்காவே வைத்தது. காலையில் இருந்து அவள் அழகாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள், மாஸ்டருக்குத்தான் பிடிக்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு திரும்பத் திரும்பப் பாட வைத்தார். மற்ற வாத்தியக்காரர்களின் பகுதி எல்லாம் சரியாக வந்த பிறகுதான், கடைசியாக ஒருமுறை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் பாடுகிற அறைக்குள் போனார். “உன்ரை மனுசனைப் பொலிஸ் பிடிச்சிட்டுது. துண்டு கேக்கிறாங்களாம். இந்த ஒருக்காப் பாடு, கதவைத் திறந்து விடுறன்” என்றார். வெளியே வந்து கதவைப் பூட்டினார். அக்கா கண்ணாடிக்கு உள்ளே இருந்து கதவைத் தட்டினாள். மாஸ்டர் கையால் தாளத்தைக் காட்டினார். பாடினால்தான் வெளியே போகலாம் என்று விளங்கியதும் அவள் பாடியிருக்கிறாள். முதல் சரணம் பிழையில்லாமல் வந்தது. வாத்தியங்கள் நின்றன. அங்கேதான் அது வந்தது.

“மாஸ்டர் வழக்கம்போலைப் பொய் சொல்லுறார் எண்டுதான் நாங்கள் நினைச்சம், தம்பி” என்றார் டிரம்ஸ் அண்ணை. “பாட்டு முடிய, சும்மா சொன்னனான் எண்டு கட்டிப்பிடிப்பார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டம்.”

நான் வெள்ளவத்தையில் மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். அடிக்கத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை. மாஸ்டர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கேற்றுக்கு வந்தார். நான் கத்தி முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்குத் தெரிந்த ஒரு பெரிய ஆள் இருக்கிறார், அத்தானின் விசயத்தைப் பேசியாகிவிட்டது, ஆனால் ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டால் அந்தக் கதவும் அடைபட்டுவிடும் என்றார். உள்ளே ஒருவன் இருக்கும்போது வெளியே இருக்கிறவன் தெருவில் சண்டை பிடிக்கக்கூடாது என்று எனக்கே புத்தி சொன்னார். அந்த நாட்களில் நம்பிக்கை என்று யார் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிற நிலை எங்களுக்கு. வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா, “வாயை மூடிக்கொண்டு இரு. அவர் வரட்டும், பிறகு பாப்பம்” என்றாள்.

அத்தான் வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு வருடமும் என் அக்கா மாஸ்டரின் மேடைகளில் பாடினாள். பெரிய ஆளைக் காணப் போகிறேன், கண்டேன், அடுத்த கிழமை முடிவு தெரியும் என்று அவர் இழுத்துக்கொண்டே போனார். பாட்டோ பஸ் பஸ்ஸாக ஓடியது. சிங்களச் சனமும் அதற்கு ஆடியது. ஒவ்வொரு மேடையிலும் அந்த இடம் வந்ததும் வாத்தியங்கள் நிற்கும். அக்கா விம்ம வேண்டும். விம்மினாள். சரியாக விம்மாத நாளில் திரைக்குப் பின்னால் வந்து, கசெற்றிலை உள்ளது மாதிரி வரேல்லை என்று குறை சொல்வார் மாஸ்டர். நான் பேஸ் கிற்றாரோடு அவளுக்குப் பின்னால் நின்றேன். அவளுடைய முதுகு மட்டும் தெரியும். அந்த இடத்தில் எனக்கு நான்கு தட்டு ஓய்வு. அந்த ஓய்வில் அந்த மனிதனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கடைசியில் அத்தானை வெளியே எடுத்தது எங்கள் பங்குச் சாமியாரும் ஒரு சட்டத்தரணியும்தான். வழக்கும் இல்லை, குற்றமும் இல்லை, போகலாம் என்றார்கள். பெரிய ஆள் என்று ஒருவர் இருந்ததாகவே சட்டத்தரணிக்குத் தெரியவில்லை. அத்தான் மெலிந்து, சத்தமில்லாத ஆளாக வந்தார். பேனையைப் பிடித்தால் வலது கை நடுங்கும், இரும்புக் கடை வேலை அதோடு போயிற்று. தடுப்பு முகாமில் காவலுக்கு நின்ற ஒருவனுடைய ரேடியோவில் அந்தப் பாட்டை அடிக்கடி கேட்டாராம். “உன்ரை குரல் எண்டு உடனை பிடிச்சிட்டன்” என்று அக்காவிடம் சொன்னார். “நடுவிலை ஏன் அழுகிறாய் எண்டுதான் விளங்கேல்லை. நீ சிரிக்கிற இடமெல்லோ அது.” அக்கா அன்றைக்கே பாண்டை விட்டாள். நானும் கிற்றாரை விற்றேன். அதற்குப் பிறகு நாங்கள் மாஸ்டரோடு பேசவில்லை. அவரும் எங்களைத் தேடவில்லை, அவருக்குக் கசெற் இருந்தது.

யுத்தம் முடிந்தது. பழைய பாட்டுகளுக்குத் திடீரென்று மவுசு வந்தது. மாஸ்டர் தலைக்கு மை பூசிக்கொண்டு ரி.வி.யில் தோன்றத் தொடங்கினார். முதலில் கடற்கரையில் உட்கார்ந்து ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெட்டு வந்தது என்றார். இன்னொரு முறை கனவில் வந்தது என்றார். வரட்டும், மெட்டு அவருடையதுதான், எங்கே வேண்டுமானாலும் வரட்டும் என்று விட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, அறிவிப்பாளப் பிள்ளை அந்த விம்மலைப் பற்றிக் கேட்டாள். அது எப்படி சேர் அவ்வளவு உண்மையாக வந்தது? மாஸ்டர் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அந்தப் பழைய சஞ்சிகைக் களை. “அதிலை ஒரு கதை இருக்கு, தங்கச்சி. பாடின பிள்ளை சிரிச்சுக்கொண்டே நிண்டது. எனக்கு அழுகை வேணும். அப்ப நான் ஒரு பொய் சொன்னனான். உன்ரை மனுசனைப் பொலிஸ் பிடிச்சிட்டுது எண்டு.” அறிவிப்பாளப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரி.வி. ஸ்ரூடியோவில் இருந்த சனம் கை தட்டியது. “ஒரே ஒரு பொய்தான்” என்றார் மாஸ்டர், “முப்பது வருசமா ஓடுது.”

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். “அப்ப என்னைப் பிடிக்கேல்லையோ?” என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார்.

அவர் சொன்னதில் கெட்டித்தனம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. உண்மையை மறைத்திருந்தால் என்றைக்காவது வெளியே வரும். அதைப் பொய் என்று தானே சொல்லிவிட்டால் யார் வந்து என்ன சொல்ல முடியும்? என் அத்தானின் இரண்டு வருடத்தை ஒரு கைதட்டலுக்கு விற்றுவிட்டார். அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு இருந்த வெறுப்பில் ஒரு துளியும் இன்றைக்கும் வற்றவில்லை. வற்ற வேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

சில மாதங்களின் பின் வெள்ளவத்தையில் மாஸ்டருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அந்தப் பாட்டைப் பாட அக்காவை அழைத்தார்கள். அவள் போகமாட்டாள் என்று நினைத்தேன். வாறன் என்று சொல்லி அனுப்பினாள். “கேக்க வேண்டிய ஒண்டு இருக்கு. சனத்துக்கு முன்னாலை கேக்கிறன்” என்றாள். அத்தானும் எங்களோடு வந்தார். ஸ்பீக்கர் சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் மண்டபத்துக்கு வெளியே கேற்றடியில் ஒரு கதிரை போட்டு இருத்தினோம்.

மேடையில் மாஸ்டர் மாலையோடு ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொடியன்களின் புது பாண்ட், அந்தக் கசெற்றைக் கேட்டுக் கேட்டுப் பழகியது. விம்மல் கேட்டால்தான் டிரம்ஸ் தொடங்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பாடம். அக்கா முதல் சரணத்தைப் பாடினாள். வயது போன குரல், ஆனால் சுருதி விலகவில்லை. வாத்தியங்கள் நின்றன. மண்டபம் முழுக்கத் தன் விம்மலுக்கு ஆயத்தமாக மூச்சை இழுத்தது. அக்கா மாஸ்டரின் பக்கம் திரும்பினாள்.

“மாஸ்டர், அண்டைக்கு என்ரை தம்பி உங்களுக்கு எத்தினை மணிக்கு ரெலிபோன் எடுத்தவன்?”

யாரோ சிரித்தார்கள், நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து. டிரம்ஸ் பொடியன் குச்சியைத் தூக்கியபடி காத்துக்கொண்டிருந்தான். அக்கா மைக்கை இறக்கவில்லை. “நான் வெளிக்கிட்டிட்டன் எண்டு ஏன் சொன்னனீங்கள்?” முன் வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாஸ்டரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கமோ பயமோ வரும் என்று இத்தனை வருடம் கற்பனை பண்ணிவைத்த இடம் அது. ஒன்றும் வரவில்லை. அவர் கண்ணை மூடினார், தன் மைக்கை வாயருகே கொண்டுபோனார், விம்மினார்.

அப்படியே அச்சாக இருந்தது. தொண்டைக்குள் அடைபடுகிற இடம், மூச்சு உடைகிற இடம், ஒன்றும் பிசகவில்லை. அவர் அதை எத்தனை தடவை கேட்டுப் பாடமாக்கியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. டிரம்ஸ் பிடித்துக்கொண்டது, கிற்றார் சேர்ந்தது, மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. இரண்டாம் சரணத்தை முன் வரிசையில் இருந்தவர்களே பாடத் தொடங்கிவிட்டார்கள். அக்கா மைக்கை நிறுத்தி மேடையில் வைத்துவிட்டு இறங்கினாள். ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நானும் நடந்தேன்.

கேற்றடியில் அத்தான் எழுந்து நின்றார். “கேட்டனியோ?” என்றார்.

“ஓம்.”

“என்ன சொன்னவன்?”

உள்ளே பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. “நானில்லாமலே அழத் தெரியுமாம்” என்றாள் அக்கா.